காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது: டைரியில் தொடங்கி சொந்தக் கதை எழுதுவது வரை

தமிழ்நாட்டில் டைரிக்குப் பஞ்சம் இல்லை. வங்கி தருகிறது, மருந்துக் கம்பெனி தருகிறது, சிமென்ட் ஏஜென்சி தருகிறது. பரணில் கிடக்கும் பழைய டைரி எதை எடுத்துப் பிரித்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஜனவரி 1 முதல் பொங்கல் வரை நெருக்கமான கையெழுத்து, அப்புறம் வெறும் தாள், நடுவில் எங்கோ பால் கணக்கு, கடைசிப் பக்கங்களில் பிள்ளைகள் கிறுக்கியது.

பொங்கலோடு நின்றதற்குச் சோம்பல்தான் காரணம் என்று எழுதியவரே சொல்லிக்கொள்வார். அந்தப் பதினைந்து நாளை வாசித்துப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். "இன்று நாள் நன்றாகப் போனது." "மனம் சரியில்லை." "இனிமேல் கோபப்படக் கூடாது." எல்லாமே தீர்ப்புகள். ஒரு நாளைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஏழெட்டுத் தீர்ப்புக்கு மேல் கிடையாது. அவை தீர்ந்ததும் டைரியும் தீர்ந்துவிடுகிறது. நடந்ததை எழுதுகிறவருக்கு இந்தத் தட்டுப்பாடு வராது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761 வரை அது ஓடியது. காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்தது, கப்பல் போனது, அதிசயமாக நடந்தது, இவற்றை எழுதுவதாகத் தொடக்கத்திலேயே வரையறை செய்துகொண்டார். கப்பல் வந்துகொண்டே இருக்கும் ஊரில் எழுத விஷயம் எப்படித் தீரும்? இந்த வழிகாட்டியில் வரும் யோசனைகள் எல்லாம் அந்த வரையறையைச் சுற்றித்தான் இருக்கின்றன. டைரிக்கும் அதுதான் விதி, பிற்பாடு அதிலிருந்து தன்வரலாறு எழுதப்போனாலும் அதுதான் விதி.

நோட்டும் பேனாவும்

தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கம் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கும். பெண் பார்க்க வந்த நாளுக்கு ஒரு பக்கம் போதாது, சும்மா கிடந்த நாளுக்கு ஒரு பக்கம் அதிகம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பல டைரிகள் பாதிப் பக்கம்தான் ஒதுக்கும், ஆனால் பல வீடுகளில் நிறைய நடப்பதே அன்றைக்குத்தான். கோடு போட்ட 192 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அரைப் பக்கம் என்று வைத்தால் ஒரு வருஷம் தாங்கும். இலவச டைரிதான் கையில் இருக்கிறது என்றால் அச்சுத் தேதியை அடித்துவிட்டுக் கையால் தேதி போட்டு, இடம் விடாமல் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டு போகலாம்.

தோல் அட்டை போட்ட விலை உயர்ந்த நோட்டு ஆரம்பத்தில் கெடுதல். நல்ல தாளில் தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயத்திலேயே பலர் அதை இரண்டு பக்கத்தோடு மூடிவைத்துவிடுகிறார்கள்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவில் சொல்வார்கள். பள்ளிக்கூட நோட்டுகளில் பல 60 ஜி.எஸ்.எம். அளவிலோ அதற்கும் கீழோ இருக்கும். அதில் இங்க் பேனாவால் எழுதினால் மறுபக்கம் மை தெரியும். மைப் பேனாதான் வேண்டும் என்பவர்கள் 70, 80 ஜி.எஸ்.எம். தாளாகப் பார்க்கவும். மற்றவர்களுக்குச் சாதாரண பால்பாயின்ட் பேனாவே உத்தமம். அதன் மை எண்ணெய் கலந்தது, தண்ணீர் பட்டால் சுலபத்தில் கலைவதில்லை. ஜெல் பேனாக்களிலும் இங்க் பேனா மைகளிலும் பல கரைந்து ஓடிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத் தாளில் ஒரு வரி எழுதி, ஒரு மணி நேரம் காயவிட்டு, மேலே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒழுகும் கூரையும் வெள்ளமும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சோதனையின் அருமை தெரியும்.

எழுதத் தொடங்கும் முன் மூன்று வேலை. எல்லாப் பக்கத்துக்கும் எண் போடவும். முதல் நான்கு பக்கத்தைப் பொருளடக்கத்துக்காகக் காலியாக விடவும். கடைசி ஆறு பக்கத்தின் தலையில் "யார் யார்" என்று எழுதி விடவும். இது எதற்கு என்பது பின்னால் வரும்.

எப்போது, எவ்வளவு

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு கட்டுங்கள். இரவு ஒன்பது மணி என்று வைத்தால் ஒன்பதுக்கு விருந்தாளி வருவார், கரண்ட் போகும். பாலுக்கு உறை ஊற்றிய கையோடு, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்த உடனே, ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் என்று இருந்தால் நிற்கும். நோட்டும் பேனாவும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். எழுந்துபோய் எடுக்க வேண்டிய நோட்டு மூன்றாவது வாரத்தில் தோற்றுவிடும்.

முதல் மாதம் பத்து நிமிடம் போதும், குறைந்தபட்சம் ஐந்து வரி. உற்சாகம் வந்து நான்கு பக்கம் எழுதிய மறுநாள்தான் ஆபத்து, நேற்றைக்கு ஈடாக எழுத வேண்டும் என்று தோன்றி ஒன்றுமே எழுதாமல் போகும். உற்சாகமான நாளிலும் பத்து நிமிடத்தில் நிறுத்தி, அடுத்து எழுத இருந்ததை ஓரத்தில் இரண்டு சொல்லாகக் குறித்துவிடுங்கள். மறுநாள் அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் குறிப்பை எழுதும் விதம்

தேதி, கிழமை, இருக்கும் இடம் மூன்றும் முதல் வரியில் வர வேண்டும். வருஷத்தைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள், நோட்டின் அட்டை கிழிந்துபோனால் அது எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. குறைந்தது ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் வருஷத்தைப் போடுங்கள்.

அதன் பின் அன்றைக்கு நடந்த ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை முதல் இரவு வரை வரிசையாகச் சொல்லப்போனால் "எழுந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன்" என்றுதான் வரும். ஒரு மாதிரி பார்ப்போம். முதலில், வழக்கமாக எழுதும் விதம்:

"ஜூன் 12, வியாழன். காலையிலேயே அம்மாவுடன் வாக்குவாதம். மனசே சரியில்லை. நான் இன்னும் பொறுமையாக இருந்திருக்க வேண்டும்."

அதே காலை, நடந்தபடி:

"ஜூன் 12, வியாழன். விருத்தாசலம் வீடு. மணி ஏழு இருக்கும். அம்மா அடுப்பில் இருந்த பாலைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'உங்கப்பா இருந்திருந்தா இந்த வீட்ட விக்க விட்டிருப்பாரா' என்றார். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே 'அப்ப கடன யாரு கட்டுறது' என்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. துடைக்க இரண்டு பேரும் துணி தேடினோம். ஒரு துணிதான் இருந்தது. புரோக்கர் சொல்லும் விலை 38 லட்சம். எட்டரை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்."

எழுத ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. வருத்தம், கோபம், குற்ற உணர்வு என்று ஒரு சொல்கூட இதில் இல்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து வாசிப்பவருக்கு அந்த அடுக்களை திரும்பக் கிடைக்கும். முதல் குறிப்பில் கிடைப்பது ஒரு நல்லொழுக்கத் தீர்மானம் மட்டும். முக்கியமாக, இரண்டாவது குறிப்பில் எழுதியவர் தன் பக்கம் நியாயம் பேசவில்லை. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னதை அப்படியே வைத்துவிட்டார். அந்த நாளில் தான் நடந்துகொண்ட விதத்தைப் பின்னாளில் அவரே வேறு மாதிரி புரிந்துகொள்ள அது ஒன்றே போதும்.

இந்த மாதிரியில் கவனிக்க வேண்டியவை: ஒருவர் பேசிய ஒரு வாக்கியம், அவர் சொன்னபடியே. கை செய்த ஒரு வேலை. ஒரு பொருள். ஒரு தொகை. நாலும் தினமும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இரண்டு இருந்தாலே குறிப்பு நிற்கும். தொகையை மட்டும் விடாதீர்கள். எழுதும் நாளில் அற்பமாகத் தெரிவது அதுதான், காலம் போகப்போக மதிப்பு கூடுவதும் அதுதான். தக்காளி கிலோ என்ன விலை, ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் எவ்வளவு கேட்டார், பிள்ளையின் வேன் கட்டணம் எவ்வளவு.

ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும் நாட்கள் பாதிக்கு மேல் இருக்கும். அன்றைக்குக் கேள்வி போட்டுப் பாருங்கள். கடைசியாக யார் போன் செய்தார்கள், முதலில் என்ன சொன்னார்கள்? இன்று என்ன குழம்பு, யார் மிச்சம் வைத்தார்கள்? தெருவில் புதிதாக என்ன சத்தம்? யாரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விழுங்கினீர்கள்? கடைசிக் கேள்வியில் சிக்காத நாள் அபூர்வம்.

எந்தத் தமிழில்

பேச வாய் நிறையத் தமிழ் வைத்திருப்பவர்கூடப் பேனாவை எடுத்ததும் பத்தாம் வகுப்புக் கட்டுரைக்குப் போய்விடுகிறார். "இன்று காலை கண்விழித்தவுடன் மனதில் ஓர் இனம் புரியாத உவகை." வீட்டில் யாரும் உவகை அடைவதில்லை. சங்கடம் என்னவென்றால், எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது சொல்லோடு ஆளும் மாறிவிடுகிறார். "போடா இவனே" என்ற தாத்தா "செல்லடா" என்று சொல்லத் தொடங்கினால் அவர் யாரோ.

எளிய ஏற்பாடு இது. நடந்ததைச் சொல்லும் வரிகளை உங்களுக்குச் சிரமம் இல்லாத எழுத்துத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் பேசியதை மேற்கோளுக்குள் அவர் பேச்சிலேயே வையுங்கள், நாகர்கோவில் என்றால் நாகர்கோவில் பேச்சு, மட்டக்களப்பு என்றால் மட்டக்களப்புப் பேச்சு. இங்கிலீஷ் கலந்து பேசியிருந்தால் அதையும் தமிழ் எழுத்தில் அப்படியே போடுங்கள். எல்லாவற்றையும் பேச்சிலேயே எழுத வருகிறதென்றால் அதுவும் சரிதான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நடையும் அன்றைய பேச்சும் பிற மொழிச் சொல்லும் கலந்ததுதான். இன்று அதை வாசிக்கிறவர்களை இழுப்பதும் அந்தக் கலப்பே.

இப்போது அந்த "யார் யார்" பக்கம். தமிழில் உறவுப் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. தாய்மாமனும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, மாமனாரும் மாமா, சில வீடுகளில் கணவரும் மாமா, எதிர்வீட்டுக்காரரும் மாமா. "மாமா வந்தார், பணம் கேட்டார்" என்று எழுதியது ஐந்து வருஷத்தில் உங்களுக்கே புதிராகிவிடும். புது ஆள் குறிப்பில் வரும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தில் ஒரு வரி: "மாயவரம் மாமா: அம்மாவின் இரண்டாவது தம்பி, மின்வாரியத்தில் லைன்மேன், பக்கம் 14." இந்தப் பக்கம் இல்லாத டைரிகளைத்தான் பேரப்பிள்ளைகள் எடைக்குப் போடுகிறார்கள்.

யாராவது படித்துவிட்டால்?

நோட்டு, பேனா, நேரம் எல்லாம் இருந்தும் எழுத முடியாமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம். தனி அறை இல்லை, பூட்டு உள்ள மேசை இல்லை, "என்ன மறைச்சு மறைச்சு எழுதற?" என்று கேட்க ஆள் இருக்கிறது. குறிப்பாகப் புகுந்த வீட்டுப் பெண்களுக்கு. யாரோ தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பதாக நினைத்து எழுதினால் பொய்தான் வரும்.

நோட்டைத் துணி அலமாரியில் ஒளித்தால் ஒருநாள் கண்டுபிடிப்பார்கள், ஒளித்து வைத்ததே குற்றமாகிவிடும். கணக்கு நோட்டு போல வெளிப்படையாக வைப்பது மேல். விலை, சமையல், வந்துபோனவர்கள், பேசியது என்று நடந்ததை மட்டும் எழுதும் நோட்டில் பெரும்பாலும் ஒளிக்க ஒன்றும் இராது. நெருப்பு போன்ற விஷயங்களைத் தனித் தாளில் எழுதிக் கிழித்துவிடலாம். எழுதியதன் பலன் கிழிப்பதால் போவதில்லை. வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் போனில் கடவுச்சொல் போட்ட செயலியில் வையுங்கள், கைரேகையை நம்ப வேண்டாம். தூங்கும் விரலுக்கும் போன் திறக்கும்.

விட்டுப்போன நாட்கள்

விட்டுப்போகும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் நினைவிருப்பதை எழுதி, மேலே "14ஆம் தேதி எழுதியது" என்று உண்மையான தேதியையும் போடவும். அதற்கு மேல் போனால் நிரப்பாதீர்கள். பத்து நாளை ஒரே மூச்சில் நிரப்ப உட்கார்ந்தால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். "மே 3 முதல் 19 வரை எழுதவில்லை. காது குத்து வேலை" என்று ஒரு வரி போட்டுவிட்டு இன்றைக்குத் தொடங்குங்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் கிடைத்திருக்கும் குறிப்புகளிலும் பெரிய இடைவெளிகள் உண்டு.

கனமான விஷயங்கள்

சாவு, பிரிவு, அடி, அவமானம். இவற்றைப் பற்றி எழுதுவது உடம்புக்கும் மனசுக்கும் என்ன செய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார். தொடர்ந்து 4 நாள், நாளைக்கு 15 நிமிடம், தன்னை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி நிறுத்தாமல் எழுத வேண்டும். எழுதி முடித்த உடனே, ஆய்வில் கலந்துகொண்ட கல்லூரி மாணவர்கள் முன்னைவிடச் சோர்ந்திருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில், சாதாரண விஷயம் எழுதியவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள்.

எழுதிய அன்று மனம் கனப்பது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். 4 நாளில் நிறுத்திவிட வேண்டும், மாதக்கணக்கில் அதே காயத்தைத் தினமும் கிளறுவது வேறு காரியம், அது மருந்தாகாது. தூங்கப்போகும் முன் இதை எழுதாதீர்கள். நேற்றைக்கு நடந்த சாவைப் பற்றி உடனே எழுதவும் வேண்டியதில்லை, சில வாரம் போகட்டும். எழுத எழுதத் தூக்கம் கெடுகிறது, சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் பேச வேண்டும். இந்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

போனிலும் கணினியிலும்

தட்டச்சு செய்வதில் தப்பில்லை, தொலைப்பதுதான் சுலபம். எதில் எழுதினாலும் யுனிகோடு எழுத்தில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் உங்கள் பேரன் அதைத் தேடுவான் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு மாதத்துக்கு ஒரு கோப்பு, பெயரில் முதலில் வருஷம், பிறகு மாதம்: 2025-06. அப்போதுதான் வரிசை தானாக நிற்கும். போனில் ஒரு பிரதி, இணையச் சேமிப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. ஆயுத பூஜையன்று பென் டிரைவைப் புதுப்பிப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

குரல் வழித் தட்டச்சு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் வட்டாரப் பேச்சை அது கேட்டபடி எழுதுவதில்லை, தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும். அன்றன்றைக்கே திருத்தாவிட்டால் பிறகு அசல் என்ன என்று உங்களுக்கே தெரியாது.

டைரியிலிருந்து சொந்தக் கதைக்கு

மூன்று மாதம் ஓடியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசியுங்கள். முன்னால் விட்ட நான்கு பக்கத்தில் பொருளடக்கம் போடுங்கள்: வீடு விற்பது 3, 17, 41, 42, தம்பி 9, 28. எந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் நீங்கள் எழுத வேண்டிய கதை. பெரும்பாலும் அது நீங்கள் நினைத்துக்கொண்டிருந்ததாக இருக்காது.

டைரி இல்லாத பழைய காலத்துக்கு மூன்று ஊற்றுகள் உண்டு.

முதலாவது, வரைபடம். சிறுவயதில் இருந்த வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் போடுங்கள். திண்ணை, நடை, முற்றம், அடுப்படி, கிணற்றடி. ஒண்டுக் குடித்தனமோ ஹவுசிங் போர்டு வீடோ என்றால் ஒற்றை அறை, பொதுக் குழாய், மாடிப்படி. அளவு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து இடத்தில் பெருக்கல் குறி போடுங்கள். ஒவ்வொரு குறிக்கும் ஒரு பக்கம்: அங்கே வழக்கமாக யார் இருப்பார், என்ன வாசனை, அங்கே நடந்த ஒரு சம்பவம். கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று யோசிக்கும்போதே மறந்துபோன ஆட்கள் உள்ளே வருவார்கள்.

இரண்டாவது, தாள்கள். பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, கிரயப் பத்திரம், முத்திரை விழுந்த இன்லேண்ட் கடிதம், கல்யாணப் பத்திரிகை. இவை எல்லாவற்றையும்விட உயர்ந்தது மொய் நோட்டு. ஊர், இனிஷியல், பெயர், தொகை என்று வந்த வரிசையில் ஒரு குடும்பத்தின் முழு உறவு உலகமும் ஒரே நாளில் எழுதப்பட்ட ஆவணம் வேறு எங்கும் கிடைக்காது. அதை எடுத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் பெயராக வாசியுங்கள். ஒருவர் 5 ரூபாய் எழுதியிருப்பார், அடுத்தவர் 101. "இவரு யாரு, ஏன் இவ்வளவு?" என்று கேளுங்கள். பித்தளை அண்டா என்று எழுதியிருந்தால் அது இப்போது எங்கே என்று கேளுங்கள். வர வேண்டியவர் பெயர் இல்லை என்றால் அங்கே ஒரு சண்டை இருக்கிறது. மொய் நோட்டில் இல்லாத பெயரைத் தேடுவதுதான் கெட்டிக்காரத்தனம். பத்துப் பெயர் வாசித்தால் ஒரு மாலை போய்விடும், இரண்டு அத்தியாயம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, பெரியவர்களின் பேச்சு. போனில் பதிவு செய்யுங்கள், சொல்லிவிட்டுத்தான். ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வைக்கவும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் குறைக்கவாவது வேண்டும், அந்தச் சத்தம் பதிவில் பேச்சை விழுங்கிவிடும். ஒரு அமர்வு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "நீங்க இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு என்ன சமையல்? யார் பரிமாறினா?" என்று கேட்டால் கதை வரும். பதில் நின்றதும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாமல் பத்து விநாடி சும்மா இருங்கள். 40 நிமிடப் பேச்சைக் கேட்டு எழுதி எடுக்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அந்த வாரமே எழுதிவிடுங்கள், குவிந்தால் நடக்காது.

தேதி கண்டுபிடிப்பது தனிக் கலை. "புயல் வருஷம்" என்று பாட்டி சொன்னால் எந்தப் புயல்? ராமேசுவரம் பக்கம் என்றால் தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர். நாகப்பட்டினம் பக்கம் என்றால் 1977 நவம்பராகவோ கஜா அடித்த 2018 நவம்பராகவோ இருக்கலாம். கடலூர் என்றால் தானே, 2011 டிசம்பர். அப்போது எந்தப் பிள்ளை கைக்குழந்தை என்று கேட்டால் தெளிந்துவிடும். கும்பகோணத்து மகாமகம் 1980, 1992, 2004, 2016. காஞ்சியில் அத்தி வரதரை எடுத்தது 1979இலும் 2019இலும். யாழ்ப்பாணக் குடும்பங்களில் 1995 இடப்பெயர்வு அப்படி ஓர் அடையாளக்கல், ஆல்பமும் சான்றிதழும் அதோடு போய்விட்ட வீடுகளில் பேச்சு ஒன்றுதான் ஆவணம். தமிழ் வருஷப் பெயர் சொன்னால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவது என்பதை மறக்க வேண்டாம்: விரோதி என்றால் 1949-50, இல்லாவிட்டால் 2009-10. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியையும் அப்படியே நம்பாதீர்கள். முந்தைய தலைமுறையில் பலருக்கு அது பள்ளியில் சேர்க்க வசதியாக வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி. ஜாதகக் குறிப்பு இருந்தால் ஒத்துப்பாருங்கள்.

எழுதத் தொடங்கும்போது

முப்பது சம்பவங்களை முப்பது துண்டுத் தாளில், துண்டுக்கு ஒரு வரியாக எழுதித் தரையில் பரப்புங்கள். மாற்றி மாற்றி அடுக்குங்கள். கால வரிசையே சரி என்று தோன்றினால் அப்படியே இருக்கட்டும். பிறகு வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் 600 முதல் 800 சொல். வழக்கமான டெமி அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் என்று வைத்தால் முப்பது வாரத்தில் நூறு பக்கப் புத்தகம். உ.வே.சாமிநாதையர் தன் வரலாற்றை எழுதியதும் இப்படித்தான். 1940இல் ஆனந்த விகடனில் வாராவாரம் வரத் தொடங்கியது, 122 அத்தியாயம் வந்தது. கதை முடிவதற்குள் 1942 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார். வாராந்தரக் கெடுவின் பலம் தெரிகிறது, 84 வயதில் தொடங்குவதில் உள்ள அபாயமும் தெரிகிறது.

முதல் வரைவில் பெரும்பாலும் வரும் குறைகள் மூன்று. குலப்பெருமையில் தொடங்குவது: நான்கு தலைமுறை வம்சாவளியைத் தாண்டி உள்ளே வர யாருக்கும் பொறுமை இல்லை, அதைக் கடைசியில் பின்னிணைப்பாகப் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லி முடிப்பது: அந்தப் பத்தியை அடித்துவிட்டு அதற்கு முந்தைய பத்தியிலேயே நிறுத்திப் பாருங்கள், பத்தில் ஒன்பது முறை அதுதான் சரியான முடிவு. மூன்றாவதுதான் மோசமானது: எல்லா அத்தியாயத்திலும் எழுதுபவரே சரி, மற்ற எல்லோரும் துரோகி. முப்பதில் குறைந்தது மூன்று நீங்கள் தப்பு செய்த சம்பவங்களாக இருக்கட்டும். அவை இல்லாவிட்டால் மற்ற இருபத்தேழையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும்வரை எதையும் எழுதலாம். அச்சுக்கோ இணையத்துக்கோ போவதென்றால் மற்றவர் மானம் உள்ளே வந்துவிடுகிறது. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அவர் குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இருந்தால் அதில் அடங்கும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஊரும் தொழிலும் உறவும் அப்படியே இருந்தால் தெருவே கண்டுபிடித்துவிடும். உயிரோடு இருப்பவர் என்றால் அந்தப் பக்கத்தை அவரிடமே வாசித்துக்காட்டிக் கேட்பதுதான் நேர்வழி. மறுத்தால் அந்தப் பக்கம் நோட்டோடு இருக்கட்டும்.

கெடாமல் வைக்க

நோட்டில் பஸ் டிக்கெட்டையும் கடை பில்லையும் ஒட்டுகிறவர்கள் கவனிக்க: மெஷினில் அச்சாகி வரும் சீட்டுகள் பல வெப்பத்தாள், எழுத்து நாளடைவில் மங்கி வெறும் தாளாகிவிடும். பக்கத்திலேயே ஊர், நேரம், தொகையைக் கையால் எழுதிவிடுங்கள். செலோடேப் பழுப்பேறித் தாளையும் பழுப்பாக்கும், ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும், குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை பூச்சியைக் கூப்பிட்டு விருந்து வைக்கும். நூலால் கட்டுங்கள், ஒட்டுவதற்குக் குச்சிப் பசை போதும்.

நிறைந்த நோட்டைச் சுவரோடு ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு மேல் வைக்கவும். வசம்புத் துண்டு இரண்டைத் துணியில் முடிந்து போட்டால் ராமபாணப் பூச்சி அண்டாது என்பது ஏட்டுச்சுவடிக் காலத்துப் பழக்கம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து நிழலில் விரித்துக் காற்றாட வைப்பதும் தேவை. அட்டையின் உள்பக்கத்தில் மூன்று வரி எழுதிவையுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உங்கள் முழுப் பெயர், உங்களுக்குப் பிறகு இதை யார் பிரிக்கலாம், அல்லது பிரிக்காமல் எரித்துவிட வேண்டுமா என்பது.